டைனமிக் மைக்குக்கு இன்லைன் பிரீஆம்ப் எப்போது உண்மையில் தேவைப்படுகிறது?

ஷூர் எஸ்எம்7பி போன்ற ஒரு டைனமிக் மைக்கை ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் கருவி) இணைத்துப் பேசும்போது, கெயின் (பெருக்கும் அளவு) குமிழை ஏறக்குறைய கடைசிவரை திருப்பினாலும் குரல் தாழ்வாகவே பதிவாகிறது; அதோடு 'உஸ்' என்ற இரைச்சலும் கேட்கிறது. மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே ஓர் இன்லைன் பிரீஆம்பை, அதாவது கேபிளின் வழியில் செருகும் சிறு பெருக்கியை, இணைத்தால் இவ்விரண்டு குறைகளும் தீருமா என்பதுதான் கேள்வி. தாழ்வான ஒலியளவு நிச்சயமாகத் தீரும். இரைச்சல் குறையுமா என்பது உங்கள் இன்டர்ஃபேஸின் முதல் பெருக்கு நிலை எவ்வளவு அமைதியானது என்பதையும், நீங்கள் பதிவு செய்யும் அறை எவ்வளவு அமைதியானது என்பதையும் பொறுத்தது. பலர் இந்தக் கருவியை ஒலியைக் கூட்டும் பொருளாக நினைத்து வாங்குகிறார்கள். அது உண்மையில் செய்வது, உங்கள் இன்டர்ஃபேஸின் முதல் பெருக்கியை விலக்கிவிட்டு அந்த இடத்தில் தன்னை வைத்துக்கொள்வது. ஆகவே, அது மாற்றீடு செய்யும் பெருக்கி மோசமானதாக இருந்தால் மட்டுமே இரைச்சலில் ஆதாயம் உண்டு.

முதலில் மைக்கிலிருந்து எவ்வளவு மின்னழுத்தம் வருகிறது என்பதைப் பார்ப்போம். டைனமிக் மைக்கில் ஒலி அலைகள் ஒரு மெல்லிய சவ்வை அசைக்கின்றன. அதோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தப்புலத்தில் அசைவதால் மின்னழுத்தம் பிறக்கிறது. உள்ளே எந்தப் பெருக்கியும் இல்லாததால் அந்த மின்னழுத்தம் மிகச் சிறியது. எஸ்எம்7பியின் உணர்திறன் 94 டெசிபெல் ஒலி அழுத்தத்திற்கு 1.12 மில்லிவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டைவிட 59 டெசிபெல் குறைவு. இயல்பான குரலில் மைக்கை நெருங்கிப் பேசும்போது 84 டெசிபெல் அளவு ஒலி அழுத்தம் மைக்கை எட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், கிடைப்பது சுமார் 0.35 மில்லிவோல்ட் மட்டுமே. அதே ஒலிக்குக் கண்டென்சர் மைக்குகள், உள்ளேயே பெருக்கி இருப்பதால், பல மடங்கு கூடுதலான மின்னழுத்தத்தைத் தருகின்றன. எஸ்எம்7பிக்குக் குறைந்தது 60 டெசிபெல் கெயின் தேவை என்று ஷூர் நிறுவனமே குறிப்பிடுவதன் காரணம் இதுதான். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறையின் கெயின் வரம்பு 56 டெசிபெல். நான்காம் தலைமுறையில் அது 69 டெசிபெலாக உயர்ந்துள்ளது. முன்னதில் கெயின் குமிழ் கடைசிவரை போய் நிற்பதும், பின்னதில் போதிய இடம் மிஞ்சுவதும் இந்த எண்களிலிருந்தே விளங்கும்.

கெயின் போதவில்லை என்பதும் இரைச்சல் அதிகம் என்பதும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். இவற்றை ஒன்றாகக் கலந்து பார்ப்பதே இந்த விஷயத்தில் பெரும்பாலான குழப்பங்களுக்கு மூலம் என்பது என் கருத்து.

இரைச்சலுக்கு ஓர் அடித்தளம் இருக்கிறது; எந்தக் கருவியாலும் அதற்குக் கீழே போக முடியாது. மின்தடை உள்ள எந்தப் பொருளிலும் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் அசைந்துகொண்டே இருக்கின்றன. அந்த அசைவே ஓர் இரைச்சலாக வெளிப்படுகிறது. 150 ஓம் மின்தடையில், அறை வெப்பநிலையில், 20 கிலோஹெர்ட்ஸ் அலைப்பட்டையில் இந்த வெப்ப இரைச்சல் சுமார் 0.22 மைக்ரோவோல்ட். ஒலிப்பொறியாளர்கள் வழங்கும் டிபியூ அளவையில் (0.775 வோல்ட்டைவிட எத்தனை டெசிபெல் கூடுதல் அல்லது குறைவு என்பது) சொன்னால் மைனஸ் 131 டிபியூ. பிரீஆம்பின் விவரக்குறிப்பில் 'சமான உள்ளீட்டு இரைச்சல்' என்ற பொருளில் தரப்படும் எண், அந்தப் பிரீஆம்ப் இந்த அடித்தளத்தை எவ்வளவு நெருங்குகிறது என்பதைக் காட்டுகிறது. மைனஸ் 128 டிபியூ என்றால் மிக நல்ல பிரீஆம்ப். அடித்தளத்திலிருந்து 3 டெசிபெல் தொலைவில்தான் நிற்கிறது. மைனஸ் 120 என்றால் 11 டெசிபெல் தொலைவு. இந்த எண்களை ஒப்பிடும்போது கவனம் வேண்டும்: சில நிறுவனங்கள் மனிதச் செவியின் உணர்திறனுக்கேற்ப எடையிட்டு அளந்த எண்ணைத் தருகின்றன, அது ஓரிரு டெசிபெல் அழகாகத் தெரியும்; சில நிறுவனங்கள் 150 ஓம் மின்தடைக்குப் பதிலாக உள்ளீட்டை நேரடியாகக் குறுக்கிணைத்து அளக்கின்றன, அது இன்னும் அழகாகத் தெரியும்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மேலே சொன்ன 0.35 மில்லிவோல்ட் என்பது சுமார் மைனஸ் 67 டிபியூ. மைனஸ் 128 டிபியூ இரைச்சலுள்ள இன்டர்ஃபேஸில் குரலுக்கும் மின்னிரைச்சலுக்கும் இடையே 61 டெசிபெல் இடைவெளி கிடைக்கும். மைனஸ் 120 டிபியூ இன்டர்ஃபேஸில் அது 53 டெசிபெலாகச் சுருங்கும். பிறகு உரத்த, தாழ்ந்த இடங்களின் வேறுபாட்டைக் குறைக்கும் கம்ப்ரெஸரைப் போட்டு, தாழ்ந்த இடங்களை 10 டெசிபெல் தூக்கினால் இரைச்சலும் அதே அளவு மேலே வரும். 43 டெசிபெல் இடைவெளியில் அமைதியான அறையில் ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு இரைச்சல் தெளிவாகவே கேட்கும்.

இந்த இரண்டாவது இன்டர்ஃபேஸின் முன்னால், மைனஸ் 127 டிபியூ இரைச்சலும் 25 டெசிபெல் கெயினும் கொண்ட ஓர் இன்லைன் பிரீஆம்பைச் செருகுவோம். தொடர்ச்சியாக அமைந்த பெருக்கிகளில் முதல் நிலையின் இரைச்சலே மொத்த இரைச்சலையும் ஏறக்குறைய தீர்மானிக்கிறது என்பது, ஹரால்ட் ஃப்ரிஸ் 1944ஆம் ஆண்டு வானொலி வாங்கிகளுக்காக வகுத்துக் காட்டிய விதி. அதன்படி, பின்னால் வரும் இன்டர்ஃபேஸின் இரைச்சல் முன்னிலையின் கெயின் அளவுக்குக் குறைந்து போகிறது: மைனஸ் 120இலிருந்து 25 குறைய மைனஸ் 145. மைனஸ் 127க்குப் பக்கத்தில் இது பொருட்படுத்தத் தக்கதன்று. இன்டர்ஃபேஸின் கெயினைக் குறைத்து வைக்கும்போது அதன் உள்ளீட்டு இரைச்சல் மைனஸ் 115 அளவுக்கு மோசமாவதும் உண்டு. அப்படியிருந்தாலும் மைனஸ் 140தான் வரும். ஆக, மொத்தத்தில் சுமார் 7 டெசிபெல் ஆதாயம். காதால் உடனே உணரத்தக்க மாற்றம் இது. அதே கருவியை மைனஸ் 128 டிபியூ இன்டர்ஃபேஸின் முன்னால் செருகினால் ஆதாயம் எதுவும் இல்லை. கணக்குப்படி ஒரு டெசிபெல் இழப்புதான். கெயின் குமிழ் நடுவில் நிற்கும், பார்க்க நிறைவாக இருக்கும், ஆனால் பதிவின் தரம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அப்படியானால், அமைதியான ஆனால் கெயின் போதாத இன்டர்ஃபேஸை வைத்திருப்பவர் என்ன செய்வது? அவர் பதிவை அப்படியே தாழ்வாகச் செய்துகொண்டு, பிறகு மென்பொருளில் உயர்த்தினால் போதும். 'டிஜிட்டலில் உயர்த்தினால் இரைச்சல் கூடும்' என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அது 16 பிட் பதிவின் காலத்தில் ஓரளவு பொருந்திய எச்சரிக்கை. 24 பிட் பதிவில், மின்னழுத்தத்தை டிஜிட்டல் எண்களாக்கும் நல்ல மாற்றியின் சொந்த இரைச்சல் முழு அளவிலிருந்து 110 டெசிபெல் கீழே கிடக்கிறது. 50 டெசிபெல் கெயினில் பிரீஆம்பிலிருந்து வரும் இரைச்சல் அதைவிட 20 டெசிபெல் அளவுக்கு மேலே இருக்கும். எனவே குரலின் உச்சங்கள் மைனஸ் 25இல் நின்றாலும், மென்பொருளில் 15 டெசிபெல் உயர்த்தும்போது குரலும் இரைச்சலும் ஒரே அளவில் உயர்கின்றன, இடைவெளி மாறுவதில்லை. நேரலை ஒளிபரப்பு மென்பொருள்களிலும் கெயின் வடிப்பானைச் சேர்த்து இதையே செய்யலாம். இன்டர்ஃபேஸின் கெயின் குமிழ் கடைசிப் பகுதியில் இரைச்சலைத் திடீரெனக் கூட்டுவதாக இருந்தால், அந்தப் பகுதியைத் தொடாமல் மீதியை மென்பொருளில் சேர்ப்பது இன்னும் நல்ல வழி.

அறையைப் பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கு முழுமையாகாது. ஓர் அறையின் பின்னணி ஒலி 40 டெசிபெல் என்று கொள்வோம். மின்விசிறியோ கணினியின் குளிர்விப்பானோ ஓடும் அறையில் இது இயல்பு. எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் ஒலியில் எஸ்எம்7பி போன்ற, முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக் மூன்றில் ஒரு பங்கு ஆற்றலையே ஏற்கும் என்பதால் 5 டெசிபெல்லைக் கழித்துவிடலாம். அப்படியும் அந்த அறையின் ஒலி எஸ்எம்7பியிலிருந்து மைனஸ் 116 டிபியூ அளவில் வெளிவரும். மோசமான இன்டர்ஃபேஸின் மைனஸ் 120 டிபியூவைக் காட்டிலும் அதுவே பெரிது. இங்கே இன்லைன் பிரீஆம்பைச் செருகினால் மொத்த இரைச்சலில் கிடைக்கும் குறைவு ஒன்றரை டெசிபெல்கூட இல்லை. அதுவே 30 டெசிபெல் பின்னணி கொண்ட அமைதியான அறையாக இருந்தால், அறையிலிருந்து வருவது மைனஸ் 126 டிபியூ அளவுக்கு இறங்கிவிடும். அப்போது பெருக்கியின் தரம் முழுமையாக வெளியே தெரியும். அறையின் ஒலி பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் திரண்டிருக்கும், பெருக்கியின் இரைச்சலோ உயர் அதிர்வெண்களில் செவியை உறுத்தும் என்பதால் இந்த எண்களை வரி பிசகாமல் காதின் அனுபவமாகக் கொள்ளக் கூடாது. ஆனாலும் எது பெரிது, எது சிறிது என்ற வரிசையை அவை சரியாகவே காட்டுகின்றன.

வாங்குவதற்கு முன் இதைச் சோதித்து அறிய எளிய வழி உண்டு. மைக் கேபிளின் மூன்று முனை இணைப்பானான எக்ஸ்எல்ஆரில் இரண்டாம் முனைக்கும் மூன்றாம் முனைக்கும் நடுவே 150 ஓம் மின்தடையைப் பற்றவைத்து, ஃபேன்டம் பவரை (இன்டர்ஃபேஸ் மைக் கேபிள் வழியே அனுப்பும் மின்சாரம்) அணைத்த நிலையில், மைக்குக்குப் பதிலாக அதை இன்டர்ஃபேஸில் செருகுங்கள். நீங்கள் வழக்கமாக வைக்கும் கெயினில் சில நொடிகள் பதிவு செய்யுங்கள். பிறகு மைக்கை இணைத்து, அதே கெயினில், பேசாமல் அறையின் அமைதியை மட்டும் அதே அளவு நேரம் பதிவு செய்யுங்கள். முதற்பதிவில் இருப்பது மின்னிரைச்சல் மட்டும். இரண்டாவதில் அறையும் சேர்ந்திருக்கிறது. இரண்டாவது முதலாவதைவிட 6 டெசிபெல்லோ அதற்கு மேலோ கூடுதலாக இருந்தால், உங்கள் பணமும் உழைப்பும் போக வேண்டிய இடம் அறைதான். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்து, குரலோடு ஒப்பிடும்போது இரைச்சல் தொல்லையாகவும் இருந்தால், இன்லைன் பிரீஆம்ப் உங்களுக்கு உதவும் வாய்ப்பு அதிகம். பற்றவைக்க வசதியில்லாதவர்கள் மைக்கைத் தடித்த கம்பளிகளுக்குள் புதைத்துப் பதிவு செய்தால் ஓரளவுக்கு இதே விடை கிடைக்கும்.

செலவில்லாத கெயின் ஒன்று எல்லோரிடமும் உண்டு: தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தொலைவு பாதியாகும்போது குரல் சுமார் 6 டெசிபெல் உயர்கிறது. 20 சென்டிமீட்டரிலிருந்து 5 சென்டிமீட்டருக்கு நெருங்கினால் 12 டெசிபெல் கிடைக்கும். அறையின் ஒலியோ, பெருக்கியின் இரைச்சலோ அதோடு கூடுவதில்லை. எந்த இன்லைன் பிரீஆம்பும் இந்த ஆதாயத்தைத் தர முடியாது, ஏனென்றால் மைக்குக்குள் நுழைந்துவிட்ட அறையொலியை அது குரலோடு சேர்த்தே பெருக்கும். நெருங்கும்போது தாழ்ந்த அதிர்வெண்கள் தடிப்பதைத் தாழ்வெட்டு வடிப்பானால் சரிசெய்யலாம். 'ப', 'ப்ப' போன்ற ஒலிகளின் காற்று மோதாமலிருக்க, மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் நிறுத்தினால் போதும். குரல் தாழ்வாகப் பதிவாகிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது மைக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைத்தான்.

இவ்வளவையும் பார்த்த பின்னும் இன்லைன் பிரீஆம்ப் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தால், அது இயங்கும் முறையைத் தெரிந்துகொள்வது நல்லது. இவற்றில் பெரும்பாலானவை ஜேஃபெட் வகை டிரான்சிஸ்டர்களால் ஆனவை. அவற்றுக்கான மின்சாரம் இன்டர்ஃபேஸின் 48 வோல்ட் ஃபேன்டம் பவரிலிருந்து வருகிறது. இன்டர்ஃபேஸுக்குள் 6.8 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டின் வழியே, எக்ஸ்எல்ஆரின் இரண்டாம், மூன்றாம் முனைகளில் இந்த மின்னழுத்தம் ஒரே அளவில் தரப்படுகிறது. இன்லைன் பிரீஆம்ப் அதைத் தானே எடுத்துக்கொண்டு, மைக்கின் பக்கம் போகவிடாமல் தடுத்துவிடுகிறது. ஃபேன்டம் பவரால் பழுதாகக்கூடிய பழைய ரிப்பன் மைக்குகளை வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு பாதுகாப்பு. கண்டென்சர் மைக்குக்கோ ஃபேன்டம் பவர் தேவை என்பதால், இந்தக் கருவியின் மைக் பக்கத்தில் அதை இணைத்தால் ஒலியே வராது. மின்னழுத்தத்தைக் கடத்திவிடும் தனி மாதிரிகள் அதற்கென இருக்கின்றன.

இதிலிருந்தே வேறு சில வரம்புகளும் தெளிவாகின்றன. கணினியின் அல்லது கேமராவின் 3.5 மில்லிமீட்டர் மைக் துளையில் வருவது சில வோல்ட் மட்டுமே. அது ஃபேன்டம் பவர் அன்று. ஆகவே இன்லைன் பிரீஆம்ப் அங்கே உயிர்பெறாது. எக்ஸ்எல்ஆரிலிருந்து நேராக யூஎஸ்பிக்குப் போகும் மலிவான கேபிள்களிலும், 48 வோல்ட் தருவதாகக் குறிப்பிடப்படாத எதிலும் இதே நிலைதான். 12 அல்லது 15 வோல்ட் மட்டும் தரும் சிறு மிக்சர்களை நம்ப வேண்டாம். மைக்கிலிருந்து இன்டர்ஃபேஸ் வரையிலான கேபிள்கள் மூன்று முனைகளும் முறையாக இணைந்த சமநிலைக் கேபிள்களாக இருக்க வேண்டும்.

எங்கே செருகுவது என்பதும் அடிக்கடி எழும் ஐயம். கேபிள் நீளமாக, பல பத்து மீட்டர்களாக இருந்தால் மைக்கின் அருகில் வைப்பதே சரி: கேபிளில் போகும் குறிகை ஏற்கெனவே பெருகியிருப்பதால், வழியில் ஒட்டிக்கொள்ளும் குறுக்கீடு அதோடு ஒப்பிடச் சிறிதாகிவிடும். மேசையின் மேல் இரண்டு, மூன்று மீட்டர் கேபிளோடு முடிந்துவிடும் அமைப்பில் எந்தப் பக்கம் வைத்தாலும் வேறுபாடு கேட்காது. மைக்கோடு நேரடியாகப் பூட்டும் குழல்வடிவ மாதிரிகள் தாங்கியில் நீண்டு தொங்கி எடையைக் கூட்டுகின்றன. அவற்றை இன்டர்ஃபேஸ் பக்கம் மாற்றிக்கொள்வதில் தவறில்லை. யூஎஸ்பி மின்சாரத்திலிருந்து வரும் கீச்சொலி உங்கள் தொல்லையாக இருந்து, அது இன்டர்ஃபேஸுக்குள் பெருக்கிக்குப் பிந்தைய பகுதியில் நுழைவதாக இருந்தால், முன்னதாகவே பெருக்கப்பட்ட குரலுக்குப் பக்கத்தில் அது தாழ்ந்து போகும். மைக்கின் சுருளிலேயே அருகிலுள்ள மின்மாற்றியின் காந்தப்புலத்தால் நுழையும் 'ஊம்' என்ற ஒலியை எந்தப் பெருக்கியாலும் பிரித்தெடுக்க முடியாது. மைக்கை அல்லது மின்மாற்றியை நகர்த்துவதே வழி.

சந்தையில் கிடைப்பவற்றில் கிளவுட்லிஃப்டர் சிஎல்-1 25 டெசிபெல், டிரைட்டன் ஆடியோவின் ஃபெட்ஹெட் 27 டெசிபெல், எஸ்இ எலக்ட்ரானிக்ஸின் டைனமைட் டிஎம்1 28 டெசிபெல் கெயின் தருகின்றன. கிளார்க் டெக்னிக்கின் சிடி1 25 டெசிபெல். இந்தச் சில டெசிபெல் வேறுபாட்டை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. சிஎல்-1இன் உள்ளீட்டு மின்மறுப்பு (மைக்கின் குறிகைக்கு அது காட்டும் தடை) 3 கிலோ ஓம், ஃபெட்ஹெட்டினுடையது 22 கிலோ ஓம். 150 முதல் 300 ஓம் வரையுள்ள டைனமிக் மைக்குகளுக்கு இரண்டுமே போதுமானவை. மைக்கின் தன்மையே மாறிவிட்டது, குரல் பொன்னாகிவிட்டது என்பன போன்ற வருணனைகளுக்கு நான் அதிக மதிப்புத் தருவதில்லை. இன்டர்ஃபேஸின் உள்ளீட்டு மின்மறுப்பு மிகக் குறைவாக இருந்தால் தொனியில் சிறு மாற்றம் வரலாம், அவ்வளவே. புதிதாக மைக் வாங்கவிருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: 2023இல் வெளிவந்த எஸ்எம்7டிபியில் 18 அல்லது 28 டெசிபெல் கெயின் தரும் பெருக்கி உள்ளேயே அமைந்திருக்கிறது, வேண்டாதபோது அதை விலக்கிவிடலாம்.

உரத்த ஒலிகளுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. எஸ்எம்57 மைக்கை ஸ்னேர் டிரம்மின் அருகே வைத்தால் 130 டெசிபெல் ஒலி அழுத்தம் எளிதில் வரும். அதன் உணர்திறன்படி 100 மில்லிவோல்ட் அளவு வெளிவருகிறது. அதை 25 டெசிபெல் பெருக்கினால் ஒன்றே முக்கால் வோல்ட்டுக்கு மேல் போகும். இன்டர்ஃபேஸின் உள்ளீடு கெயினே வைக்காத நிலையிலும் சிதையும் எல்லைக்கு வந்துவிடும். கிட்டார் ஆம்ப்ளிஃபயர், கத்திப் பாடும் குரல் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். மைக்கை நேராக இணைப்பதே அங்கெல்லாம் சரி.

செருகும்போது இன்டர்ஃபேஸின் கெயினை அடிமட்டத்துக்கு இறக்கி, ஸ்பீக்கரையும் ஹெட்ஃபோனையும் ஒலியடக்கி, எல்லா இணைப்புகளையும் முடித்த பின் ஃபேன்டம் பவரை இயக்குங்கள்; சில நொடிகள் பொறுத்து, உச்சங்கள் மைனஸ் 12 அளவில் நிற்கும்படி கெயினை மெல்ல ஏற்றுங்கள். பிறகு, கருவி வந்ததற்கு முன்னும் பின்னும் செய்த பதிவுகளை ஒப்பிடும்போது, குரலின் சராசரி அளவு இரண்டிலும் ஒன்றாக இருக்கும்படி மென்பொருளில் சமன்செய்த பிறகே கேளுங்கள்; இல்லாவிட்டால் உரக்க ஒலிப்பது எதுவோ அதுவே தெளிவானதாகக் காதுக்குத் தோன்றும். சமன்செய்த நிலையில் சொற்களுக்கு இடைப்பட்ட அமைதியை மட்டும் தனியே எடுத்துக் கேளுங்கள். அங்கே இரண்டு பதிவுகளுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்றால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.